அன்று நாய் எதுவும் குறுக்கே வரவில்லை

தம்பி,

உன்னைத் திரும்பி வரச் சொல்லி எழுதும்படி அப்பா சொன்னார். “அம்மா நீ சொன்னாத்தான் அவன் கேப்பான், எழுது” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ‘தம்பி’ என்று எழுதிவிட்டு எழுந்துபோய் அடுப்படியைத் துடைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து, காய்ந்த துணிகளை மடித்தேன், மடித்ததையே பிரித்து இன்னொரு தடவை மடித்தேன். இன்றைக்குப் புதன்கிழமை ஆகிவிட்டது. காலை வேளைப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேலியோரம் என் பள்ளி வேனை நிறுத்தி, அவர்களில் யாரோ விட்டுப்போன கோடு போட்ட நோட்டை ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். நீ தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன். என் கையெழுத்து ஆடினாலும் கூட்டிப் படித்துவிடுவாய்.

வெள்ளிக்கிழமைக்குள் உன் அணிக்குப் பதில் சொல்ல வேண்டும், அடுத்த வருஷத்துக்கும் இருக்கிறாயா, இல்லையா என்று. இதை நீ என்னிடம் சொல்லவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் உன் அக்காவிடம் சொன்னாய், அவள் எனக்குச் சொன்னாள். அப்பாவுக்கும் உனக்கும் பேச்சு நின்று மூன்று வாரமாகிறது. இந்த நிலையில்தான் அவர் என்னை எழுதச் சொன்னார். அவர் கேட்ட கடிதம் இதுவல்ல. இதை எழுதுவதற்கு முன்னால் நான் இரண்டு பேரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது ஆளாக உனக்குச் சொல்கிறேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது உன்னிடம்தான்.

வேனில் வரும் பிள்ளைகளின் தாய்மார்கள், “அக்கா, ஒங்க பையன் அங்க என்னா வேலை செய்றாரு?” என்று கேட்கும்போதெல்லாம் நான் திணறுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சாலையில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறான், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள் என்பேன். “ஜெயிச்சிருக்காரா?” என்பார்கள். அங்கேதான் எனக்குச் சொல் கிடைக்காது. நீ ஜெயிப்பதற்காக ஓடுவதில்லை. உங்கள் அணியில் கடைசி இருநூறு மீட்டரில் பாய்கிற அந்த பிரெஞ்சுக்காரர் ஜெயிப்பதற்காக, அதுவரை அவருக்கு முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொள்வதுதான் உன் வேலை. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவனுக்குப் பெரும் பலம் மிச்சமாகும் என்று எனக்கு விளக்கியவன் நீதான். அப்போது உனக்குப் பதினாறு வயது. எனக்கு அது புரிந்தது. அப்பாவுக்குப் புரியவே இல்லை. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர் அவர். யார் வேலை செய்தாரோ அவர் பெயர்தான் தாளில் வர வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

நீ விழுந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் இருந்தோம். ஐரோப்பாவில் உனக்குக் காலை, இங்கே சாயங்காலம். போன் சின்னதாக இருக்கிறதென்று அக்கா வாங்கிக்கொடுத்த டேப்லட்டைத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து வைத்திருந்தோம். அங்கே மழை. சாலை கண்ணாடி மாதிரி பளபளத்தது. நீங்கள் எல்லாரும் குனிந்து, ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்துக்கொண்டு, ஒரே உடம்பு போல வந்தீர்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் நீ முதல் ஆள். உன் நீலச் சட்டை அப்படியே முன்னால் நின்றது. “பாரு, பாரு, நம்ம பையன்தான்லா முன்னுக்கு!” என்று அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கடைசித் திருப்பத்தில் நீ ஒதுங்கி வழி விட்டாய், பிரெஞ்சுக்காரர் பாய்ந்தார். பக்கத்தில் வந்த வேறு அணிக்காரன் ஒருவன் வழுக்கினான், நீ அவன்மேல் தடுக்கி இரும்பு வேலியில் போய் மோதினாய். அதைத்தான் பார்த்தோம். அதற்குமேல் பார்க்க முடியவில்லை. கேமரா ஜெயிக்கப்போகிறவர்களோடு போய்விட்டது. அவர்கள் கை தூக்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள், பூச்செண்டு வாங்கினார்கள். உன்னை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. நாற்பது நிமிஷம், தம்பி. அப்பா டேப்லட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினால் நீ தெரிவாய் என்பது போல. உன் அணி மேலாளரிடமிருந்து செய்தி வந்தபோது எனக்கு எழுத்தே தெரியவில்லை. அப்பாதான் படித்தார்: மூன்று விலா எலும்பு, இடது மணிக்கட்டு, நினைவோடு இருக்கிறான்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நீ கூப்பிட்டபோது அப்பா பேசியது சரியில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. “போதும்லா. அடுத்தவனுக்குக் கூலிக்கு ஓடுனது போதும். அவன் பூ வாங்கிட்டு நிக்கிறான், நீ ஆஸ்பத்திரில கெடக்குற. வீட்டுக்கு வா” என்றார். “நான் கூலிக்கு ஓடலப்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். அந்த நாற்பது நிமிஷம்தான் அவரை அப்படிப் பேசவைத்தது. பயந்துபோன ஆள் கோபக்காரன் மாதிரிதான் பேசுவான். பயந்துபோன அம்மா எப்படிப் பேசுவாள் தெரியுமா? அக்கறையாகப் பேசுவாள். அது இன்னும் மோசம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாடாங் கோத்தா திடலில் வாடகை ஸ்கேட்டில் நீ நின்ற முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஆரம்பித்தால் சொல்ல வேண்டியதற்கு வராமலேயே பத்துப் பக்கம் எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நேராகப் பத்து காவான் தொழிற்பேட்டையில் நடந்ததற்கே வருகிறேன்.

உனக்குப் பதினாறு. கோச் லிம் அங்கிளிடம் மூன்று வருஷமாகப் பயிற்சி. வேகத்தைக் கூட்ட வேண்டும், காற்றை மறைக்க முன்னால் ஒரு வண்டி இருந்தால் நல்லது என்று உனக்கு ஆசை. கோச் ஒத்துக்கொள்ளவில்லை. நீ என்னிடம் வந்தாய். அப்பாவின் சொந்த ஊர் நிபோங் திபால் பக்கம் என்பதால், பத்து காவான் தொழிற்பேட்டையில் ஞாயிறு காலைகளில் சாலை எல்லாம் அகலமாக, வெறுமையாகக் கிடக்கும் என்று சொன்னவர் அவர். தீவிலிருந்து இரண்டாம் பாலத்தைத் தாண்டி, வெயில் ஏறுவதற்கு முன்னால், வேனுக்குப் பின்னால் நீ. “அம்மா, பின்னாடி பாக்காதீங்க. முன்னாடிதான் பாக்கணும். பிரேக் மட்டும் போடவே கூடாது. நிறுத்தணும்னா ஹாரன் அடிங்க, காலை எடுங்க, வண்டி தானா மெதுவாகும்.” எத்தனை தடவை சொன்னாய். நான்கு ஞாயிறு அப்படியே செய்தேன். உனக்கு முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு நடந்ததை நான் உனக்கு எப்படிச் சொல்லியிருக்கிறேன்? ஒரு நாய் புதரிலிருந்து குறுக்கே வந்தது, நான் பிரேக் போட்டேன், நீ பின்கதவில் மோதினாய்.

நாய் வரவில்லை, தம்பி.

வேகம் காட்டும் முள் நாற்பத்தைந்தில் இருந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தும் பார்த்தேன். முதலில் உன் ஹெல்மெட்தான் தெரிந்தது, அவ்வளவு ஒட்டி வந்துகொண்டிருந்தாய். பிறகு நீ கொஞ்சம் வெளியே விலகினாய், முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாய். ஒரு கையை முன்னால் வீசி, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று காட்டினாய். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நம் வீட்டில் யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் எனக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வந்தது. இவன் செத்துப்போவான் என்று ஒன்று. செத்துப்போகாவிட்டால் நம்மை விட்டுப் போய்விடுவான் என்று இன்னொன்று. கால் பிரேக்குக்குப் போனது. வழுக்கவில்லை, தவறிப் படவில்லை, நான்தான் வைத்தேன். மெதுவாக்க நினைத்தேனா, எல்லாவற்றையும் நிறுத்திவிட நினைத்தேனா என்று பத்து வருஷமாக என்னையே கேட்கிறேன். எனக்கே தெரியவில்லை.

சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தபோது நீ பின்கதவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாய். முன்பல் இரண்டும் இல்லை. காறை எலும்பு தோலுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு நின்றது. “என்னாச்சும்மா?” என்று வாயெல்லாம் ரத்தமாகக் கேட்டாய். “நாய்... நாய் குறுக்க வந்துருச்சுப்பா” என்றேன். யோசிக்கவே இல்லை, அது பாட்டுக்கு வந்தது. நீ உடனே தலையைத் திருப்பி, “நாய்க்கு ஒண்ணும் ஆகலயே?” என்றாய். ஆஸ்பத்திரியில் அப்பா ஓடிவந்தபோது, நான் வாய் திறப்பதற்கு முன்னால், “நாய் வந்துச்சுப்பா. அம்மா மேல தப்பே இல்ல” என்று நீயே சொன்னாய். அப்பா அடுத்த வாரமே நகராட்சிக்குத் தெருநாய்கள் பற்றிப் புகார் எழுதிப்போட்டார். நான்தான் அதற்கு உறை எடுத்துக் கொடுத்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை என்னோடேயே வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் போன வருஷம் அக்காவின் மகள் பிறந்தநாளில் நீ வீடியோவில் பேசினாய், ஞாபகமிருக்கிறதா? ஓட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கையில் நாயைப் பிடித்திருந்தால் இன்றைக்கும் உன் கால் ஒரு நொடி தடுமாறும் என்றும், அணியில் எல்லாரும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ சின்ன வயதில் நாய் வேண்டுமென்று அழுத பிள்ளை. இல்லாத ஒரு நாயை உன் காலில் கட்டிவிட்டது நான். அன்றைக்குக் கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு நான் பாத்ரூமில் போய் நின்றேன்.

பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள், ஏற்றிக்கொண்டு போய் வருகிறேன்.

வந்துவிட்டேன். இப்போது வீட்டுக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறேன். மேலே போனால் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவேன்.

இரண்டாவது விஷயம். உனக்குப் பதினெட்டு வயதில், பரீட்சை முடிந்த சமயத்தில், கோச் வீட்டுக்கு போன் செய்தார். நீ பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாய். கொரியாவில் ஆறு மாதம் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்ப இடம் கிடைத்திருக்கிறது, ஒரு இடம் உனக்கு, வீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் காறை எலும்பில் புடைத்திருந்த அந்த முடிச்சுதான் என் கண்ணில் நின்றது. “அவன்கிட்ட நான் பேசிட்டேன் கோச், வேணாம்னு சொல்லிட்டான். ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்படுறான். தயவுசெஞ்சு கேட்டுறாதீங்க” என்றேன். அவர் உன்னிடம் கேட்கவே இல்லை. அப்படிப்பட்ட மனுஷர். வேறு யாரோ கொரியா போனதை நீ கேள்விப்பட்டு வந்து, “கோச் என்னை எடுக்கலம்மா” என்று சொல்லிவிட்டு ஸ்கேட்டைப் படுக்கைக்கு அடியில் தள்ளினாய். நான் உனக்குப் பிடித்த ரசமும் நெத்திலி சம்பலும் வைத்துக் கொடுத்தேன். 

அப்புறம் நீ டிப்ளோமா படித்தாய், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போனாய். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோதுதான் எனக்கு முதலில் உறைத்தது. நீ ஹாலில் ஒரு வழுவழுப்பான பலகையைப் போட்டு, காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்கிச் சறுக்கி, மணிக்கணக்கில் வேர்த்துக் கொட்டினாய். கீழ்வீட்டுக்காரர் வந்து கத்தினார். “ஸாரி அங்கிள்” என்று கதவைச் சாத்திவிட்டு மறுபடி சறுக்கினாய். நான்கு வருஷமாக ஸ்கேட்டைத் தொடாதவன். விட்டுவிட்டாய் என்று நான் நினைத்தது எதுவும் விடவில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். காப்பி கலக்கி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். பிறகு எல்லை திறந்ததும் தனியாகவே பயிற்சி செய்து, தைவானில் ஒரு ஓட்டத்துக்குப் போய், அங்கே இந்த அணிக்காரர்கள் கண்ணில் பட்டு, வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்து நின்றாய். அந்தத் தடவை நீ என்னைக் கேட்கவில்லை. விமான டிக்கெட்டைக் காட்டினாய். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். நீ கேட்காதது நல்லது.

போன திங்கட்கிழமை நான் லிம் அங்கிளைப் பார்க்கப் போனேன். சூலியா தெருவுக்குப் பின்னால் சந்தில் இன்னும் அதே சைக்கிள் கடைதான். முடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு சக்கரத்தை மாட்டிச் சுழலவிட்டுக் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். நாங்கள் எப்போதும் போல மலாயில்தான் பேசினோம், உனக்குத் தமிழில் எழுதுகிறேன். முதலில் உன் உடம்பைப் பற்றிக் கேட்டார். அந்த ஓட்டத்தை அவரும் பார்த்திருக்கிறார். “கடைசி மூணு கிலோமீட்டர் அவனை ஒருத்தரும் தாண்ட முடியல, பாத்தீங்களா? மழையில, எதிர்க்காத்துல. அந்த பிரெஞ்சுக்காரனுக்குப் பதிலா யார் பின்னால நின்னிருந்தாலும் ஜெயிச்சிருப்பான்” என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. கொரியா விஷயத்தைச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

அவர் கை நின்றது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப அவன் வேணாம்னு சொல்லல?”

“அவனுக்குத் தெரியவே தெரியாது கோச்.”

சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். பிறகு சொன்னார்: “அவன் பயந்துட்டான்னு நெனச்சேன். அப்பறமா வந்த பிள்ளைங்ககிட்ட எல்லாம் அவன் கதையத்தான் சொல்லுவேன். திறமை இருந்துச்சு, நெஞ்சு இல்லன்னு. அவன் ஐரோப்பா போனதக் கேட்டப்பகூட, தைரியம் லேட்டா வந்துருக்குன்னுதான் நெனச்சேன்.”

தம்பி, நான் செய்ததிலேயே இதுதான் எனக்குத் தெரியாமல் இருந்த பங்கு. உன்னிடமிருந்து ஆறு மாதத்தை எடுத்தேன், நான்கு வருஷத்தை எடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பயத்துக்கு உன் பெயரை வைத்து ஊரில் விட்டிருக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட கேக்காதீங்க” என்றார். கோபமாகத்தான் சொன்னார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டு, “அவன் நம்பரக் குடுங்க. நீங்க சொன்னப்பறம் நான் பேசணும். நானும் அவன்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு” என்றார். கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவார். எடு.

நேற்று சாயங்காலம் அப்பாவைக் கூட்டிவரப் படகுத்துறைக்குப் போனேன். பெர்ரியில் இருந்து இறங்கி வந்து வேனில் ஏறியவர், “எழுதிட்டியா?” என்றார். “எழுதல. மொதல்ல ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று, வெல்ட் கீ சாலையில் போக்குவரத்துக்கு நடுவிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாயையும், கொரியாவையும். அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓரமா நிறுத்து.”

நிறுத்தினேன். இறங்கி நடக்க ஆரம்பித்தார். ஜெலுத்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போவது போல, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேகவேகமாக. நான் விளக்கைச் சிமிட்டவிட்டு நடைவேகத்தில் பின்னாலேயே போனேன். பஸ்காரன் ஹாரன் அடித்தான், மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான். அவர் திரும்பவே இல்லை. எவ்வளவு தூரமோ தெரியாது. ஒரு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். நான் இறங்கிப் பக்கத்தில் போனேன்.

“எவ்ளோ கிட்ட வந்துகிட்டிருந்தான்?” என்று கேட்டார்.

“ரெண்டு முழம் இருக்கும்.”

“சிரிச்சானா?”

“ஆமாங்க.”

“நான் அவன் சிரிச்சுக்கிட்டு ஓடிப் பாத்ததே இல்ல” என்றார். பிறகு, “நகராட்சிக்கு லெட்டர் போட்டேனேலா, நாயப் புடிங்கன்னு” என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அது அப்படியே அழுகையாகப் போய்விட்டது. துறைமுகத்துச் சட்டையோடு, ரோட்டோரத்தில், அவ்வளவு பேர் பார்க்க. அவர் அழுவதை முப்பது வருஷத்தில் இரண்டாவது தடவை பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. இன்று காலையில் வேலைக்குப் போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அவனுக்கு எழுது. வான்னும் எழுதாத. வராதன்னும் எழுதாத.” கோச் சொன்னதை, அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரைப் பற்றிச் சொன்னதை, நான் அவரிடம் சொல்லியிருந்தேன். வாசலைத் தாண்டியவர் திரும்பி வந்து, “யாரு பின்னால நின்னிருந்தாலும் ஜெயிச்சிருப்பான்னா சொன்னாரு? அப்பிடியேவா சொன்னாரு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகவே நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதுவும் முழு உண்மை இல்லை. நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. இன்றைக்கு இரவே வந்துவிட்டால்கூட நல்லது என்று இருக்கிறது. உன் விலா எலும்பு எப்படிச் சேருகிறது, ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாய் என்று யோசித்து யோசித்து வேனில் பாதை மாறிப் போய்விடுகிறேன். இந்த ஆசையை நீ ஆலோசனை என்று எடுத்துக்கொள்ளாதே. உன் விஷயத்தில் இதுவரை நான் சொன்ன புத்திமதி எல்லாம் என் பயம்தான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தது. “படிப்பு முக்கியம்” என்றதும் அதுதான். “நிலையான வேலை வேணும்பா” என்றதும் அதுதான். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதைப் பார்த்து உனக்கும் பயம் வரும், வராமல் இருக்காது. அப்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று அதனிடமே சொல்லிவிடு. அது சொல்ல வேண்டிய பதிலை நீ சொல்லாதே. இந்த ஒன்றை மட்டும் நான் தெரிந்து சொல்கிறேன்.

நீ என்மேல் கோபப்படலாம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும். கோபத்தில் அந்த வேலையில் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வந்து நிற்கவும் வேண்டாம். அந்தத் திருப்பத்தில் மறுபடி மழையில் நிற்க உனக்கு மனம் இருக்கிறதா, உடம்பு இருக்கிறதா, அதை மட்டும் பார். யார் பூச்செண்டு வாங்குகிறார்கள் என்பது பற்றி நாங்கள் இனி பேசமாட்டோம். அப்பாவுக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை முதலில் உன் அணிக்காரர்களிடம் சொல். எங்களைக் கேட்காமல் சொல். சொல்லி முடித்த பிறகு வீட்டுக்குக் கூப்பிடு. உனக்கு மத்தியானம் என்றால் இங்கே எனக்குச் சாயங்காலப் பள்ளி விடுகிற நேரம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டும்போது நான் போனைத் தொடுவதில்லை. அப்பா அன்றைக்கு லீவு சொல்லியிருக்கிறார். அவர் எடுப்பார். என்ன பதிலோ, அவரிடம் சொல்.

அம்மா